மே மாதப் பச்சை: கருவை விறகுக்கு வரைபடம் போடும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுவது பெரும்பாலும் சீமைக்கருவேல்தான். கருவை என்று சொன்னாலே போதும். அதை ஒழிக்க வேண்டும் என்று ஊர்தோறும் பேசுகிறார்கள், பேசட்டும். ஆனால் எந்தத் தரிசில் எவ்வளவு விறகு நிற்கிறது என்ற கணக்கு முதலில் கையில் வேண்டும். வெட்டுக்கூலியில் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய.

படத்துக்கு சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் போதும். இலவசம், 5 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கிறது. சிவப்பும் அண்மை அகச்சிவப்பும் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கும். பாதி வேலை, எந்த மாதப் படம் என்று முடிவு செய்வதில் இருக்கிறது. மார்கழியில் எடுத்த படத்தில் நெல், புல், கருவை எல்லாம் ஒரே பச்சை. மாசி, பங்குனியில் நெல் அறுப்பு முடிந்திருக்கும், ஆனால் முண்டு மிளகாய் நிற்கும். மே கடைசிக்கு வாருங்கள். வயல் காய்ந்து வெளுத்துக் கிடக்க, ஆழ வேர்விட்ட கருவை மட்டும் பச்சையாக நிற்கும். மேகமில்லாத மே படம் ஒன்று, ஜனவரி படம் ஒன்று எடுத்து இரண்டுக்கும் என்டிவிஐ கணக்கிடுங்கள்; சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிட்டு ஓரிடம் எவ்வளவு பச்சை என்று சொல்லும் எண் அது. இரண்டிலும் பச்சை குறையாத இடங்களே நாம் தேடுபவை.

அத்தனையும் கருவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கண்மாய்க்குள் நாட்டுக் கருவேல் நட்டிருப்பார்கள். அதுவும் கோடையில் பச்சைதான். இதைப் பிரிக்கக் களத்துக்குத்தான் போக வேண்டும். கருவையின் பூ நீளமான வெளிர்மஞ்சள் கதிர். நாட்டுக் கருவேலின் பூ உருண்டை மஞ்சள், நெற்று மணிமாலை போல இடையிடையே ஒடுங்கியிருக்கும். குடைவேல் மரத்தை அதன் தட்டையான தலையே காட்டிக்கொடுக்கும். ஒற்றைப் பனைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 10 மீட்டர் பிக்சலில் அவை பக்கத்துத் தரையோடு கலந்துவிடும்.

களத்துக்கு வெட்டுக்காரர் ஒருவரை உடன் அழைத்துப் போவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். "அண்ணே, இது எப்ப வெட்டுனது?" என்று கேட்டால், தூரைப் பார்த்தே வருஷம் சொல்வார். எந்தச் செயற்கைக்கோளும் அதைச் சொல்லாது. இங்கே பொதுவாக மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டுகிறார்கள். தூர் மறுபடி துளிர்த்துவிடும். அதனால் மர இனத்தோடு கடைசி வெட்டு வருஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் விலகும்; புதரின் ஓரத்தில் புள்ளி வைக்காமல் 30 மீட்டராவது உள்ளே போய் வையுங்கள். முழுக்கை சட்டையும் தடித்த செருப்பும் இல்லாமல் போகாதீர்கள், முள் டயரையே குத்தும். கருவை இல்லாத இடங்களிலும் புள்ளி வேண்டும்: மிளகாய் வயல், தண்ணீர் நிற்கும் கண்மாய், பனங்காடு.

படத்தின் ஒவ்வொரு பிக்சலும் கருவையா வேறா என்று வகைப்படுத்த, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ரேண்டம் ஃபாரஸ்ட் போதும்; களப் புள்ளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மீதி இடத்தை அதுவே பிரிக்கும். புள்ளிகளில் சுமார் 30 சதவீதத்தைச் சோதனைக்கென்று தனியே வையுங்கள். ஒரே தோப்பின் ஒரு புள்ளியில் பயிற்சி, பக்கத்துப் புள்ளியில் சோதனை என்றால் மதிப்பெண் பொய்யாக ஏறும். தோப்பு தோப்பாகப் பிரியுங்கள். மொத்தத் துல்லியத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், நாட்டுக் கருவேல் எத்தனை இடத்தில் கருவையாகக் காட்டப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.

எடைக்கு, எப்படியும் வெட்டப்போகும் தரிசில் 20 மீட்டர் சதுரம் கயிறு கட்டி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒவ்வொரு தண்டின் சுற்றளவையும் எடுங்கள். கருவை தூரிலிருந்து பல தண்டாகக் கிளம்புவதால் நெஞ்சு உயர அளவு சரிவராது. வெட்டியதும் பச்சை எடை, காய்ந்தபின் மறுபடி எடை. இரண்டு வயது, மூன்று வயது, நான்கு வயது என்று தனித்தனியாகச் செய்தால்தான் பரப்பை டன்னாக மாற்ற முடியும்.

கடைசியாக, கண்மாய், புறம்போக்கு, பட்டா மூன்றையும் தனி அடுக்காகப் போடுங்கள். வெட்டும் உரிமை மூன்றிலும் வேறு. வரைபடத்தின் மூலையில் படம் எடுத்த தேதியை மறக்காமல் எழுதுங்கள். அடுத்த வெட்டோடு விறகுக் கணக்கு மாறிவிடும்.