கேரவன் பிளக் கொதிக்கிறதா?

காரையும் அது இழுத்துச் செல்லும் கேரவனையும் இணைக்கும் 13 முனை பிளக் தொட முடியாமல் சுட்டால், முதலில் 10, 11ஆம் முனைகளைப் பாருங்கள். வண்டி ஓடும்போது கேரவன் ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் போவதும் திரும்புவதும் அவற்றின் வழியாகத்தான்.

12 வோல்ட் ஃபிரிட்ஜ் 12 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முனையில் 0.1 ஓம் தடை சேர்ந்தாலே 14 வாட் வெப்பம். அவ்வளவு சின்ன இடத்தில் அது பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும். மின்னோட்டம் கூடாததால் ஃபியூஸும் போகாது; அதை நம்பி இருந்துவிடாதீர்கள். சிங்கப்பூரின் ஈரக்காற்றில், அதுவும் சாங்கிக் கடலோரம் நிறுத்தும் வண்டிகளில், முனைகளில் சீக்கிரமே பச்சைக் களிம்பு பூக்கும்; தடை சேர்வது அதனால்தான்.

எஞ்சினும் ஃபிரிட்ஜும் ஓடும்போதே மல்டிமீட்டரை (மின் அளவீட்டுக் கருவி) டிசி வோல்ட்டில் வைத்து, பிளக்கின் பின்பக்கத்துக்கும் சாக்கெட்டின் பின்பக்கத்துக்கும் இடையே அதே முனையில் அளவெடுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அங்கேதான். மின்சாரம் திரும்பும் எர்த் முனையையும் (11) அளக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

பேட்டரி மைனஸைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். பழுப்பேறிய முனையைச் சுரண்டிப் பயனில்லை, சூட்டில் அதன் பிடிப்பு தளர்ந்திருக்கும். பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கறுத்த வயரை, பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிய முனையில் இறுக்குங்கள். அரை மணி நேரம் ஓட்டியபின் மறுபடி தொட்டுப் பாருங்கள்.