பெரிய கம்பெனி ஆளுங்ககிட்ட கை கட்டி நிக்காம யாவாரம் பண்றது எப்படி

நான் கோத்தகிரி பக்கம் சின்னதா டீ பிளெண்ட் பண்ணி பாக்கெட் போடற யூனிட் வெச்சிருக்கேன், கோயம்புத்தூர் பெங்களூர் கம்பெனிங்களுக்கு கிஃப்ட் பாக்ஸ் போகுது. ஆரம்பத்துல ஒரு கம்பெனி ரிசப்ஷன்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து, உள்ள போனதும் வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டு, அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே பத்து பர்சன்ட் குறைச்சுட்டு வந்தேன். பணம் வர அஞ்சு மாசம் ஆச்சு. நான் போய் நின்ன விதம் அப்படி, வேற என்ன சொல்ல.

சமமா பழகறதுன்னா தோள்ல கை போடறதோ பேர் சொல்லிக் கூப்பிடறதோ இல்லீங்க. வணக்கம் சார்னு ஒரு தடவ சொல்லிட்டு, உக்காந்து, விஷயத்துக்கு வந்துருங்க. அவருக்குத் தெரியாதது உங்களுக்கு ஒண்ணு நல்லாத் தெரியும்ல, அதைப் பேசுங்க.

ஒரு எம்.டி. செப்டம்பர்ல கூப்பிட்டு தீபாவளிக்கு ஆயிரம் பாக்ஸ், "ஃப்ரெஷ் டீயா" வேணும்னார். சரிங்க சார்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா மழைக் கொழுந்துல வாசம் கம்மி, நம்ம மலைல டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் குளிர்ல மெதுவா வளர்ற கொழுந்துதான் மணக்கும். நேர்ல போய் அவர் மேஜைலயே ரெண்டு கப் வெச்சேன். கப்புக்கு 2 கிராம் தூள், 100 மில்லி கொதிச்ச தண்ணி, மூடி வெச்சு 6 நிமிஷம், பால் சர்க்கரை கிடையாது. ஒண்ணு மழைத்தூள், இன்னொண்ணு ஜனவரித்தூள். குடிச்சுப் பாத்துட்டு மனுஷன் ரெண்டாவது கப்பை கீழயே வைக்கல. ஜனவரித்தூள் 40 கிலோதான் இருக்கு, 100 கிராம் பாக்ஸ்னா 400தான் தேறும், மீதிய வேற எடத்துல வாங்கிக்கங்க, அடுத்த வருஷத்துக்கு பிப்ரவரிலயே சொல்லிருங்கன்னேன். 600 பாக்ஸ் ஆர்டர் கைவிட்டுப் போச்சு, வீட்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பிப்ரவரில அவரே ஃபோன் பண்ணார், பர்ச்சேஸ் ஆளை விட்டுப் பேசல.

பணப் பேச்சை முதல் மீட்டிங்லயே முடிச்சுருங்க, கூச்சமே படாதீங்க. உத்யம்ல, அதாவது சிறு தொழில்களுக்கான அரசாங்கப் பதிவுல, மைக்ரோ இல்ல ஸ்மால்னு பதிஞ்ச தயாரிப்பாளர், சர்வீஸ் ஆளுங்களுக்கு 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி 45 நாளுக்குள்ள பணம் வரணும், எழுத்துல ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள். வாங்கி விக்கிற டிரேடருக்கு இது செல்லாது. சட்டத்தைக் காட்டி மிரட்ட வேணாம், கொட்டேஷன்ல உத்யம் நம்பரோட ஒரு வரி போடுங்க போதும். அவங்க ஃபைனான்ஸ் ஹெட்டுக்கே புரியும், ஏன்னா 2024ல இருந்து, லேட் பண்ணா பணம் குடுத்த வருஷத்துலதான் அதை வரிக்கு செலவாக் கழிக்க முடியும்.

டெலிவரி தேதிக்கு நாலு நாள் சேத்தே சொல்லுங்க, ஐப்பசி மழைல ரோட்டுல எங்க மண் சரியும்னு யாருக்குத் தெரியும். சரிஞ்சா அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஃபோன் பண்ணிருங்க, சாக்கு சொல்லாம புதுத் தேதியச் சொல்லுங்க.

ஆர்டர் இல்லாத மாசத்துல குட்மார்னிங் ரோஜாப்பூ ஃபார்வர்டு மட்டும் அனுப்பிறாதீங்க. நான் ஜனவரில ஒரே ஒரு ஃபோட்டோ அனுப்புவேன், விடியக்காலைல செடி மேல உறைபனி வெள்ளையாப் படிஞ்சிருக்கிறது, "இன்னைக்கு இங்க பனி சார்"னு மட்டும். விலை கிலை எதுவும் போட மாட்டேன், அவங்களே கேப்பாங்க.