கடலூர், புதுவை வட்டாரத்தில் குடி மீட்புக் கூட்டத்தைத் தேடுவது எப்படி?

குடியை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தவருக்கு மருந்தைப் போலவே தேவைப்படுவது, அதே முடிவை எடுத்து அதில் நிலைத்து நிற்பவர்களின் துணை. அப்படிப்பட்டவர்கள் கூடும் இடங்கள் வாசலில் பெரிய பலகை வைப்பதில்லை. உறுப்பினர்களின் பெயரை வெளியே சொல்வதுமில்லை. எனவே யாரிடம், என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு தேட வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு ‘கட்டிங்’ போட்டால்தான் நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவர், வைராக்கியத்தால் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. நிறுத்திய முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து இல்லாத உருவங்கள் தெரிவது, நாள் கிழமை புரியாமல் குழம்புவது, கடுமையான காய்ச்சல் என்று உயிருக்கே கேடாகவும் முடியலாம். இவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு, உடல் தேறிய பிறகு கூட்டத்துக்குப் போவதே சரி.

அந்த மருத்துவரே தேடலின் முதல் வாசலும் ஆவார். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர், கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை ஆகியவற்றில் எது உங்களுக்கு அருகிலோ அங்கே மனநலப் பிரிவை அணுகி, ‘குடியை நிறுத்தியவர்கள் கூடும் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது?’ என்று நேராகக் கேளுங்கள். மருத்துவரைவிட அங்குள்ள ஆலோசகருக்கும் சமூகப் பணியாளருக்கும் இது கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்பது என் கருத்து. சிகிச்சை முடிந்து போகிறவர்களை அனுப்பிவைப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணையோ, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய, டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416ஐயோ அழைக்கலாம், இரண்டுக்கும் கட்டணமில்லை.

இத்தகைய கூட்டங்களில் பலரும் அறிந்தது, ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நின்றதில் தொடங்கிய இந்த அமைப்பு, தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடத்துகிறது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே இதில் சேருவதற்கான தகுதி. உறுப்பினர் கட்டணம் கிடையாது. பல ஊர்களில் இது தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ நடப்பதால், மதம் சார்ந்த வேலையோ என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. இடம் மட்டுமே அங்கே. ஆகவே உங்கள் ஊர்த் தேவாலய அலுவலகத்தில் விசாரிப்பதும் ஒரு நல்ல வழி.

தொடர்பு எண் கிடைத்ததும், கூட்டம் நடக்கும் கிழமை, நேரம், மொழி, அது யாவரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு மனைவியோ அண்ணனோ வருவதாக இருந்தால் திறந்த கூட்டத்துக்கே போக வேண்டும். பெண்கள், பெண் உறுப்பினர்கள் வருகிறார்களா என்றும் கேட்பது நல்லது. முதல் நாளில் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறர் தம் கதையைப் பகிர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.

தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சத்தால் கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக் கூட்டத்தையே விரும்பக்கூடும். அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பேருந்து முள்ளோடை, கன்னியக்கோயில் வழியாக, சாலையோர மதுக்கடைகளைக் கடந்துதான் போகும். குடியை நிறுத்திய புதிதில் அந்தப் பயணத்தைத் தனியாக மேற்கொள்ளாமல் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால், கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டு உள்ளூர்க் கூட்டத்துக்குப் போவதே மேல்.

காசு வாங்கிக்கொண்டு ‘நிச்சயம் குணமாகும்’ என்று வாக்களித்து, ஆளை அடைத்துவைக்கும் மையங்களைக் கூட்டம் என்று நம்பிவிடாதீர்கள். தங்கிச் சிகிச்சை பெறும் மையம் எதுவானாலும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே அக்கறையோடு வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ காபியிலோ மருந்து கலந்து கொடுக்காதீர்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால், இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகக்கூடும். வீட்டாருக்கென்று 1951 முதல் அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உலகெங்கும் இயங்கிவருகிறது, ஏ.ஏ. தொடர்பு கிடைத்தால் அதைப் பற்றியும் அவர்களிடமே விசாரிக்கலாம்.

முதல் கூட்டம் மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் வேறு கிழமையில் நடக்கும் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வருகிறவர்கள் வேறு. விடைபெறும் முன், நெடுநாள் குடிக்காமல் இருக்கும் ஒருவரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு, குடிக்கத் தோன்றும் மாலையில் அழைக்கலாமா என்று அவரிடம் கேட்டு வையுங்கள். இடையில் வழுக்கிக் குடித்துவிட்டாலும் அவரை அழையுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் தவறாமல் போங்கள். வழுக்கியதற்காக அங்கே உங்களை யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள்.