புக்கெட்டில் குழுவாகத் தனிப்படகு எடுப்பது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தாய்லாந்து போவது என்று முடிவாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வெள்ளைப் படகின் படத்தைப் போட்டு, "இதை ஒரு நாள் எடுத்தா என்ன?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் இதயக்குறி போட்டாயிற்று. ஏற்பாடு மட்டும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

பயப்பட வேண்டாம். தாய்லாந்தின் புக்கெட் தீவில் இது அன்றாடம் நடக்கிற வியாபாரம். செலவும் பார்வைக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை. ஒரு படகின் நாள் வாடகை 48 ஆயிரம் பாட் (தாய்லாந்து நாணயம்) என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், 12 பேருக்குத் தலைக்கு 4 ஆயிரம். கூட்டத்தோடு கூட்டமாக ஏற்றிக்கொண்டு போகும் டூரைவிட இது கூடுதல்தான். ஆனால் கிளம்பும் நேரமும், நிற்கும் இடமும், ஓடும் பாட்டும் உங்கள் விருப்பம்.

பலரும் முதலில் படகைப் பிடித்துவிட்டு, அப்புறம் எங்கே போகலாம் என்று பார்க்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் மாதம், அடுத்து ஆட்கள், அதற்கடுத்து தீவு. படகு கடைசியில் தானாக அமையும்.

1. மாதத்தைப் பாருங்கள்

புக்கெட் இருப்பது அந்தமான் கடலில். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறையில் மே கடைசியில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறை மலிவாகக் கிடைக்கும், கடல் உங்கள் சொல் கேட்காது.

மழைக்காலத்தில் படகே எடுக்க முடியாது என்பதில்லை. புக்கெட்டுக்கு வடகிழக்கே இருக்கும் பாங் ங்கா வளைகுடா நிலத்தால் மூடியதுபோல் இருப்பதால் அலை குறைவு. தெற்கே திறந்த கடலுக்குப் போவதை மட்டும் விட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் தாய்லாந்தின் எதிர்ப்புறக் கடலில் இருக்கும் கோ சாமுயி தீவை யோசிக்கலாம். அந்தப் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் வாடகை ஏறும், நல்ல படகுகள் முன்கூட்டியே போய்விடும். மற்ற நாட்களில் அவ்வளவு அவசரமில்லை.

2. ஆட்களை எண்ணுங்கள், அவர்கள் யார் என்றும் பாருங்கள்

எண்ணிக்கையில் கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். படகுக்கு உரிமத்தில் எழுதிய ஆள்கணக்கு உண்டு. "மடியில் வைத்துக்கொள்கிறோம்" என்பது கடலில் செல்லாது. உரிமத்தில் 20 பேர் என்றிருந்தால் வசதியாக இருப்பது 12, 14 பேருக்குத்தான். வெயில் ஏறியதும் எல்லோரும் நிழலைத் தேடி ஒரே மேசையைச் சுற்றி வந்து உட்காருவார்கள். அதனால் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்பதோடு, நிழலில் எத்தனை பேர் உட்காரலாம் என்றும் கேளுங்கள்.

பிறகு ஒரு தாளில் எழுதுங்கள்: நீச்சல் தெரியாதவர்கள், முட்டி வலி உள்ளவர்கள், பேருந்தில் போனாலே வாந்தி எடுப்பவர்கள், சுத்த சைவம். நம் குடும்பக் குழுக்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அடுத்து எடுக்கும் முடிவு எல்லாமே இந்தத் தாளைப் பொறுத்துத்தான்.

3. தீவு, அப்புறம் கணக்கு

பலர் ஏமாறுவது இங்கேதான். சாதாரணப் பாய்மரக் கேட்டமரான் (இரட்டை உடல் கொண்ட படகு) இயந்திரத்தில் ஓடினாலும் மணிக்கு 7 நாட்டிக்கல் மைல்தான் போகும். அதாவது ஏறக்குறைய 13 கிலோமீட்டர். டவுன் சைக்கிள்காரர் வேகம். இதை மனதில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள்.

புக்கெட்டின் தென்புறத்தில் இருக்கும் சலோங் படகுத்துறையிலிருந்து பீ பீ தீவு 45 கிலோமீட்டருக்கு மேல். பாய்மரப் படகில் போக மூன்றரை மணி நேரம், திரும்ப மூன்றரை. எட்டு மணி நேர வாடகையில் தீவில் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதற்குள் சாப்பாடும் முடிக்க வேண்டும். பீ பீதான் வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்தால் வேகப்படகோ மோட்டார் யாட்டோ (இயந்திரத்தில் ஓடும் சொகுசுப் படகு) எடுங்கள், இல்லாவிட்டால் இரவு தங்கும் பயணமாக மாற்றுங்கள்.

பீ பீயில் எல்லோரும் கேட்கும் மாயா விரிகுடாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பவளம் அழிந்துபோனதால் 2018-இல் அதை மூடினார்கள், 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது படகு எதுவும் விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது. பின்பக்கம் இறங்கி நடந்துதான் வர வேண்டும், நீந்தவும் கூடாது. ஆகஸ்ட், செப்டம்பரில் மூடிவிடுவார்கள். படகை விரிகுடா நடுவில் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அந்த ஆளிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

முதல் தடவைக்கு நான் சொல்வது இரண்டு பாதைகளைத்தான்.

ஒன்று, தெற்கே ராச்சா யாய் தீவு. சலோங்கிலிருந்து 23 கிலோமீட்டர் அளவு, பாய்மரப் படகில் ஒன்றே முக்கால் மணி நேரம். தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஸ்நார்க்கல் (நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும்) போட்டுக் குனிந்தால் மீன் தெரியும். திரும்பும் வழியில் கோரல் தீவில் ஒரு நிறுத்தம், மாலையில் புக்கெட்டின் தெற்கு நுனியில் உள்ள பிரோம்தெப் முனைக்கு எதிரே நின்று சூரிய அஸ்தமனம். ஆனால் இது திறந்த கடல், கொஞ்சம் ஆடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்கான பாதை.

இன்னொன்று பாங் ங்கா வளைகுடா. புக்கெட்டின் வடகிழக்கில் ஆவ் போ என்ற இடத்திலிருந்து கிளம்புவது சுலபம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைகள், பனாக் தீவில் பாறைக்குள் குடைந்த குகைகள். குகைக்குள் சின்னத் துடுப்புப் படகில் படுத்தபடி போனால், மறுபக்கம் நான்கு புறமும் பாறைச் சுவர் நிற்க, மேலே வானம் திறந்த ஒரு குளம் வரும். நீர்மட்டம் ஏறினால் குகை வாய் அடைபடும், மிக இறங்கினால் சேறு. அதனால் எத்தனை மணிக்கு எந்தக் குகை என்பதை கேப்டன் அன்றைய ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) பார்த்துத்தான் சொல்வார், அவரிடமே விட்டுவிடுங்கள். இங்கே தண்ணீர் பச்சையாகக் கலங்கி இருக்கும். ஸ்நார்க்கல் ஆசையோடு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அலை குறைவு என்பதால் பாட்டி தாத்தாவோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

4. இப்போது படகு

ஓட்டுநர் இல்லாமல் படகை மட்டும் தரும் வாடகையும் உண்டு. அனுபவமும் சான்றிதழும் உள்ளவர்களுக்கு அது. உங்களுக்கு வேண்டியது கேப்டனும் பணியாட்களும் சேர்ந்த வாடகை.

ஒற்றை உடல் கொண்ட பாய்மரப் படகு பார்க்க அழகு, ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து போகும். குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள குழுவுக்கு இரட்டை உடல் கொண்ட கேட்டமரான்தான் சரி. அகலம், ஆட்டம் குறைவு, முன்பக்கம் படுத்துக்கொள்ள வலை. படங்களில் எல்லோரும் சாய்ந்திருப்பது அந்த வலையில்தான். மதியம் 12 மணிக்கு அங்கே ஒருவர்கூட இருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். பாய்மரம் இல்லாமல் மோட்டார் மட்டும் உள்ள கேட்டமரான் இன்னும் வேகம், வாடகையும் அதற்கேற்ப. வேகப்படகு சீக்கிரம் போய்ச் சேரும், முதுகு உடைய ஆட்டும். கர்ப்பிணிகளையும் முதுகுவலிக்காரர்களையும் அதில் ஏற்றாதீர்கள்.

5. விலை கேட்கும்போது

இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு ஒரே மாதிரிச் செய்தி அனுப்புங்கள். தேதி, ஆட்கள், குழந்தைகளின் வயது, பாதை, எத்தனை மணி நேரம் என்று ஐந்தும் அதில் இருக்கட்டும். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் வருகிற மூன்று பதிலையும் ஒப்பிடவே முடியாது. ஒருவருக்கு நாள் என்றால் எட்டு மணி நேரம், இன்னொருவருக்கு ஆறு.

பதில் வந்ததும் எது சேர்ந்தது, எது தனி என்று வரி வரியாகக் கேளுங்கள். 7 சதவீத வாட் வரி சேர்ந்ததா? எரிபொருள்? மோட்டார் யாட்டில் இது பெரிய தொகை. மதிய உணவு, தண்ணீர், ஐஸ், ஸ்நார்க்கல் சாமான், ஹோட்டலிலிருந்து வண்டி? தேசியப் பூங்காக் கட்டணம் பெரும்பாலும் தனி. வெளிநாட்டவருக்குத் தலைக்குச் சில நூறு பாட், ரொக்கமாக. மாலை தாமதமானால் கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அஸ்தமனம் பார்க்க ஆசைப்படும் குழு அதில்தான் மாட்டும்.

முன்பணம் கேட்பது வழக்கம், பாதிகூடக் கேட்பார்கள். அனுப்பும் முன் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, தனிநபர் பெயரிலா என்று பாருங்கள். படகின் பெயரைக் கேட்டு வாங்கி, அதே படகின் சமீபத்திய படமோ வீடியோவோ கேளுங்கள். இணையத்தில் இருப்பது படகு புதிதாக இருந்தபோது எடுத்ததாக இருக்கலாம்.

6. கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை

2018 ஜூலை 5 அன்று புக்கெட்டுக்கு அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயலில் கவிழ்ந்து சீனப் பயணிகள் 47 பேர் இறந்தார்கள். வானிலை எச்சரிக்கை இருந்த நேரம் அது. ஆகவே இந்தக் கேள்விகளைக் கேட்பதில் தவறே இல்லை.

பயணிகளை ஏற்றும் உரிமம் இருக்கிறதா, எத்தனை பேருக்கு? பயணிகளுக்குக் காப்பீடு உண்டா? பெயர், பாஸ்போர்ட் எண் பட்டியல் கேட்டால் அது நல்ல அடையாளம், காப்பீட்டுக்காகத்தான் கேட்பார்கள். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் உண்டா? நான்கு வயதுக் குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட் மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்றுவிடும். ஏறியதும் நீங்களே போட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரைக்கும் ஏறினால் அளவு சரியில்லை.

வானிலை மோசமானால் என்ன செய்வார்கள் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ரத்து செய்வது யார், பணம் திரும்புமா, தேதி மாறுமா? பயணத்தின் கடைசி நாளில் படகை வைக்காதீர்கள். நடுவில் வைத்தால் ஒரு நாள் தள்ளிப்போட இடம் இருக்கும். காலையில் கேப்டன் "இன்று வேண்டாம்" என்றால் பேரம் பேசாதீர்கள். "பாதை மாற்றலாமா?" என்று மட்டும் கேளுங்கள்.

7. சாப்பாடு

தாய்லாந்தில் காய்கறி என்று சொன்னால் காய்கறி வரும், அதில் மீன் சாஸும் வரும். கறிக்குழம்பு விழுதில் இறால் சேர்ந்திருக்கும். அவர்கள் ஏமாற்றவில்லை, அதை அசைவமாகவே நினைப்பதில்லை. சுத்த சைவம் வேண்டுமானால் "ஜே" என்று கேளுங்கள். அது புக்கெட்டில் ஆண்டுதோறும் ஒன்பது நாள் நடக்கும் சைவத் திருவிழாவின் உணவு முறை. மீன் சாஸ், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். படகில் அதை நம்ப முடியாது என்று தோன்றினால் புக்கெட் நகரத்திலோ பட்டோங்கிலோ உள்ள இந்திய உணவகத்தில் பார்சல் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வெளிச்சாப்பாடு கொண்டுவரலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தயிர்சாதம் கடலில் நன்றாகவே செல்லும், பூரி மசாலா வேண்டாம்.

படகு ஆட்டத்தில் வாந்தி மயக்கம் வருகிறவர்கள் மாத்திரையைப் படகில் ஏறி வயிறு புரட்டிய பிறகு போட்டால் பயனில்லை. டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, மூக்குமுட்டச் சாப்பிட்டதும் ஆகாது. உள்ளறையில் போய்ப் படுத்தால் அதிகமாகும். வெளியே காற்றில் உட்கார்ந்து தொலைவில் கடல் முடியும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. அன்றைக்கு

சலோங் படகுத்துறைப் பாலம் நீளமானது. நடக்க முடியாதவர்கள் இருந்தால் வண்டி ஏற்பாடு உண்டா என்று முந்தின நாளே கேளுங்கள். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், துணிப்பை போதும். ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும், நாள் முழுக்க வெறுங்கால்தான்.

பெரிய படகு கரை வரை வராது. நங்கூரமிட்டு, சின்ன ரப்பர் படகில் ஏற்றிக் கரையருகே விடுவார்கள், முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். புடவை, ஜீன்ஸ் எல்லாம் அன்று அறையிலேயே இருக்கட்டும். ரப்பர் படகில் ஏறி இறங்கும்போது கையில் போன் வேண்டாம். கடலில் விழும் போன்களில் பெரும்பாலானவை அங்கேதான் விழுகின்றன என்பது என் கணிப்பு.

கழிப்பறைக் குழாய் மிகக் குறுகல். டிஷ்யூ, நாப்கின் எதுவும் உள்ளே போகக் கூடாது. பணியாளர் ஏறியதும் இதைச் சொல்வார், யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் இன்னொரு தடவை சொல்லிவிடுங்கள். பகல் நடுவில் அது அடைத்துக்கொண்டால் 12 பேருக்கும் சங்கடம்.

பவளத்துக்குக் கேடு என்பதால் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனைத் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை செய்திருக்கிறார்கள், அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. டியூபின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று இருந்தால் பாதித் தொல்லை தீரும். குழுவில் இ-சிகரெட் பிடிக்கும் பையன்கள் இருந்தால் ஊரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், தாய்லாந்தில் அது சட்டவிரோதம்.

மது அருந்துகிறவர்கள் இருந்தால் ஒரு விதி போதும். கடைசி நீச்சல் முடிந்த பிறகுதான் முதல் பாட்டில்.

மாலை கரைக்கு வந்ததும் மீதித் தொகையை அங்கேயே எண்ணிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, நன்றாகப் பார்த்துக்கொண்டால் கொடுப்பது வழக்கம். குழுவில் முன்பே வசூலித்து ஒரு உறையில் போட்டு, எல்லாப் பணியாட்களும் இருக்கும்போது கேப்டன் கையில் மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள்.