பிராகே குடும்பத்தைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பிராகே என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவர், உலோக மூக்கு வைத்திருந்த வானியலாளர் டைக்கோ பிராகே. அவரிலிருந்து தொடங்கி, அதே பெயருள்ள எல்லோரையும் ஒரே வம்சமாகக் கோத்து எழுதிவிடுகிறார்கள். முதல் தவறு இங்கேதான். டென்மார்க்கில் ஒரு பிராகே குடும்பம் இருந்தது, சுவீடனில் இன்னொன்று இருந்தது. டேனியர்களின் கேடயச் சின்னத்தில் செங்குத்தான ஒரு பட்டை. சுவீடன்காரர்களின் சின்னத்தில் சிறகுகள். பெயர் ஒன்று என்பதற்காகச் சுவீடனின் பேர் (Per) பிராகேயை டைக்கோவின் பங்காளியாக்கக் கூடாது. ஒரு நபரைப் பற்றி எழுத உட்காரும்போது அப்பா, அம்மா பெயரை முதலில் பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது இன்றைய வரைபடத்தை அன்றைய காலத்தின் மேல் விரிப்பது. டைக்கோ 1546இல், அன்று டென்மார்க்கின் பகுதியாக இருந்த ஸ்கேனியாவில் உள்ள க்னுட்ஸ்டோர்ப் மாளிகையில் பிறந்தார். அந்த இடம் இன்று சுவீடனில் இருக்கிறது. அதனால் ‘சுவீடன் விஞ்ஞானி’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஸ்கேனியா சுவீடன் கைக்குப் போனது 1658இல், ரோஸ்கில்டே ஒப்பந்தத்தில். அப்போது டைக்கோ இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1576இல் அரசர் இரண்டாம் பிரெடெரிக் அவருக்குக் கொடுத்த ஹ்வென் தீவுக்கும் இதே கதைதான்.

பட்டங்களிலும் இதே அவசரம் தெரிகிறது. டைக்கோவைக் கோமகன், பிரபு என்றெல்லாம் அழைப்பது தவறு. டென்மார்க்கில் கோமகன் பட்டம் 1671இல்தான் அறிமுகமானது. அதற்கு முன் உயர்குடியினர் வெறும் உயர்குடியினர், அவ்வளவுதான். சுவீடனில் நிலைமை வேறு. 1561இல் பதினான்காம் எரிக் முடிசூடியபோதே மூத்த பேர் பிராகே கோமகன் ஆகிவிட்டார். அவருடைய தாய் மார்கரேத்தா, குஸ்தாவ் வாசா அரசரின் சகோதரி. தந்தை யோவாகிம், மகன் பிறந்த 1520ஆம் ஆண்டிலேயே ஸ்டாக்ஹோம் படுகொலையில் தலை வெட்டப்பட்டவர்.

மூத்த பேர் என்கிறேன், ஏனென்றால் இளையவரும் இருக்கிறார். அவர் பேரன். இந்தக் குடும்பத்தில் பேர், மாக்னஸ், நில்ஸ், எரிக் என்ற பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வருகின்றன. ஆண்டு போடாமல் எழுதினால் தாத்தாவின் வேலை பேரன் தலையில் விழும். பின்லாந்தின் தலைமை ஆளுநராக 1637இலும் மறுபடி 1648இலும் நியமிக்கப்பட்டவர் இளையவர் (1602–1680). 1649இல் அவர் நிறுவிய ராஹே நகரம் இன்றும் பிராகே என்ற பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1640இல் தொடங்கிய துர்க்கு பல்கலைக்கழகத்தை அவர் தனியாளாகக் கட்டியது போல எழுதுவது மிகை. அது கிறிஸ்டினா அரசியின் பெயரில், அரசிக்கு வயது வருவதற்கு முன் அவர் சார்பில் ஆட்சி நடத்தியவர்களின் காலத்தில் வந்தது. அதற்காகப் பாடுபட்டவர் பேர் என்று சொன்னால் போதும்.

பெண்களைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிறது. எப்பா பிராகே (1596–1674) என்றால் சுவீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபின் இளமைக் காதலி, ராணித்தாய் தடுத்துவிட்டார், முடிந்தது கதை. அவர் 1618இல் யாக்கோப் டெ லா கார்டியை மணந்து, பெரும் நிலங்களை நிர்வகித்து, அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார் என்பது எங்கோ காணாமல் போகிறது. அவரை ‘எப்பா டெ லா கார்டி’ என்று மாற்றியும் விடுகிறார்கள். அந்த இரு நாட்டு உயர்குடிப் பெண்களும் திருமணத்துக்குப் பின்னும் தந்தை வழிப் பெயரையே வைத்திருந்தார்கள். டைக்கோவின் தாய் பியாத்தெ பில்லே கடைசிவரை பில்லேதான்.

டைக்கோவின் தங்கை சோஃபியும் இப்படி ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறார். 1573இல் சந்திர கிரகணத்தைக் கணிப்பதில் அண்ணனுக்கு உதவியவர். தோட்டக்கலையிலும் மருந்து தயாரிப்பதிலும் தேர்ந்தவர். டேனிய உயர்குடிகளின் வம்சாவளியைத் தானே பெரிய தொகுப்பாக எழுதினார். அண்ணனின் மூக்குக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசியை இவருக்குக் கொடுத்தாலே நல்லது. அந்த மூக்கும் தங்கமோ வெள்ளியோ என்று எழுதப்படுகிறது. 2010இல் கல்லறையைத் திறந்து எடுத்த எலும்பு மாதிரியைச் சோதித்தபோது தெரிந்தது பித்தளை. பாதரசம் வைத்துக் கொன்றார்கள் என்ற கதையையும் அதே ஆய்வு நிராகரித்துவிட்டது.

தேதிகளில் ஒரு பொறி இருக்கிறது. டென்மார்க் 1700 வரையிலும் சுவீடன் 1753 வரையிலும் இன்றைய கிரெகோரியன் நாட்காட்டிக்கு முழுதாக மாறவில்லை. இளைய பேரின் தம்பி நில்ஸ் படுகாயம் அடைந்த லூட்சன் போர் சிலர் கணக்கில் 1632 நவம்பர் 6, சிலர் கணக்கில் 16. இரண்டுமே சரி, எந்த நாட்காட்டி என்று சொன்னால் போதும், ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக மாளிகை. சுவீடனில் உள்ள ஸ்கூக்ளோஸ்டர் கோட்டையைப் பிராகேக்கள் கட்டியதாகச் சொல்வார்கள். கட்டியவர் சுவீடன் தளபதி கார்ல் குஸ்தாவ் ரங்கேல். 1676இல் அவர் இறந்த பின், மகள் வழியாக அது பிராகேக்களிடம் வந்தது. சுவீடனில் ஆண் வாரிசு 1930இல் அற்றுப்போக, ஃபொன் எஸ்ஸென் குடும்பத்துக்குக் கைமாறி, 1967இல் அரசு வாங்கியது. இப்போது அது அருங்காட்சியகம்.