வீட்டுக்காரர் சூரத் போனால்

எங்க வீட்டுக்காரருக்கு மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கொள்முதல் வேலை. தீபாவளிக்குச் சேலை எடுக்க ஆவணியில் சூரத் கிளம்பினால் திரும்பிவர ஒரு வாரம், சில வருஷம் பத்து நாள்கூட ஆகும். தனியாக எப்படி இருப்பாய் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

வேலை முந்தின நாளே ஆரம்பம். பிரஷர் மாத்திரையைக் காலை, ராத்திரி என்று கவரில் பிரித்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். சார்ஜர், துண்டு, ஆதார் கார்டையெல்லாம் அவர் கையாலேயே பையில் வைக்கட்டும். நாம் எடுத்துவைத்தால், ரயில் திண்டுக்கல் தாண்டுவதற்குள் “அது எங்கம்மா வச்சே?” என்று நாலு போன் வரும். தினமும் ராத்திரி எட்டரைக்கு ஒரே ஒரு போன் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஊரெல்லாம் சொல்லாதீர்கள். கீழ்வீட்டு அக்காவுக்குத் தெரிந்தால் போதும், ஒரு சாவியும் அவரிடம் இருக்கட்டும். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் துணைக்கு வருகிறேன் என்று பெட்டியோடு வந்துவிடுவார்கள். எங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல், ஆவணி மூலத் திருவிழாவும் அதே சமயம்தான். பிட்டுக்கு மண் சுமந்த லீலை பார்க்கப் புட்டுத்தோப்புக்கு வருகிற சனம் நம் வீட்டில்தான் பையை இறக்கும். அன்றைக்கு மட்டும் நானும் அவர்களோடு கிளம்பிவிடுவேன். மற்ற நாள் என்னுடையது.

பரண் பக்கம் பார்க்கவே பார்க்காதீர்கள். ‘ஆள் இல்லாதப்ப ஒட்டடை அடிச்சிரலாமே’ என்று கை அரிக்கும். அவர் இருக்கும்போது அடித்தால் ஏணியையாவது பிடிப்பார்.

இனி சாப்பாடு. அவருக்குக் குழம்பு, ரசம், பொரியல் மூன்றும் சூடாக வேண்டும். எனக்குப் பழைய சோறு போதும். ராத்திரி மிச்சச் சோறு ஆறியதும் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், காலையில் மோரும் உப்பும் போட்டுப் பிசைய வேண்டியதுதான். தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு! கவிச்சி ஆகாது என்று அவர் அதை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

தலையைக் கிள்ளிவிட்டு, பத்து நிமிஷம் வெந்நீரில் போட்டு, மண் போக மூன்று தண்ணீர் அலசுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தைத் தாராளமாக, உரித்த பூண்டோடு வதக்கி, தக்காளி, மிளகாய்த்தூள் சேர்த்துச் சுருண்டதும் கருவாட்டைப் போட்டு மெல்லப் பிரட்டுங்கள். உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகுதான். இதை இரண்டாம் நாளே செய்துவிடுங்கள், வாடை போக நாள் வேண்டும். சட்டி கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்து, எலுமிச்சைத் தோலை ஒரு பாத்திரத் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். கவிச்சியைப் புளிப்புதான் முறிக்கும். குப்பையை அன்றே வெளியேற்றுங்கள். இல்லையென்றால் தெருப் பூனையெல்லாம் வாசலில் நிற்கும்.

மத்தியானம் ஹாலில் பாயை விரித்து, மின்விசிறியை ஐந்தில் வைத்துப் படுங்கள். அவருக்கு இரண்டுக்கு மேல் போனால் சளி பிடிக்கும். டிவி விவாதக் கூச்சல் இல்லாத ராத்திரியில் எனக்குத் துணை ரேடியோதான், கொடைக்கானல் பண்பலை 100.5. இரண்டு வரி கேட்டதும் “இது யார் பாடினது, சொல்லு?” என்று பரீட்சை வைக்க ஆள் கிடையாது.

முதல் ராத்திரி தூக்கம் வராது, அதை மறைப்பானேன். சிலிண்டரை அணைத்து, மேல்தாழ்ப்பாளும் போட்டு, வாசல் லைட்டை எரியவிட்டுப் படுங்கள். ஜன்னல் கதவு ஆடினாலும் திருடன் மாதிரிதான் கேட்கும். இரண்டாம் நாள் அது வெறும் கதவு.

அவர் வருகிற அன்று அரை லிட்டர் பால் கூடுதலாக வாங்கிவையுங்கள், இறங்கியதும் காப்பி கேட்பார். கொண்டுவரும் அழுக்குத்துணி மூட்டையை மறுநாள் ஊறவைத்தால் போதும்.