பத்துப் பேர் இருக்கும் பட்டறைக்கு ஒரு பக்கத்தில் பாதுகாப்புத் திட்டம்

கோவை கணபதி பக்கம் ஒரு லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) பட்டறையைச் சில வருடம் பார்த்துக்கொண்டேன். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பவர் பிரஸ், ஆட்கள் பதினொரு பேர். பெரிய ஆர்டர் வேண்டுமென்றால் பாதுகாப்புக் கையேடு காட்ட வேண்டும் என்றார்கள். எங்கிருந்தோ நாற்பது பக்கத்தில் ஒன்றை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, ஃபைலில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டேன். ஆடிட் முடிந்தது, ஆர்டரும் வந்தது. அதே மாதம் ஒருநாள் காலையில் லேத்தை ஆன் செய்ததும், சக்கில் (இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழலும் பகுதி) மறந்து விட்டிருந்த, அதை முடுக்கும் சாவி பறந்து போய் டியூப்லைட்டை உடைத்தது. நல்லவேளை, ஆள் ஓரடி தள்ளி நின்றார். அப்புறம் கையேட்டைப் புரட்டினேன். சக் சாவியை விட்டுவிட்டு மெஷினை ஓட்டக் கூடாது என்று அழகாக எழுதியிருந்தது, 27ஆம் பக்கத்தில்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததைத்தான் கீழே சொல்கிறேன். உங்கள் இடத்தில் லேத் இல்லாமல் தையல் மெஷினோ மாவு மில்லோ இருந்தாலும் வழி இதேதான்.

முதல் வேலை: சுற்றி வாருங்கள்

மெஷின்கள் ஓடும்போது, ஒரு நோட்டோடு பட்டறையை ஒரு சுற்று வாருங்கள். கூடவே புதிதாகச் சேர்ந்த ஹெல்பரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருபது வருட அனுபவம் உள்ளவருக்கு ஆபத்து பழகிப்போய், கண்ணிலேயே படாது. ஒவ்வொரு மெஷின் முன்னாலும் மூன்றே கேள்வி: கை எங்கே போகிறது? எது இழுக்கும்? எது பறக்கும்? எங்கள் ஹெல்பர் பையன் முதல் லேத்திலேயே சொன்னான், "அண்ணா, சாவி எப்பவும் சக்குலயே தானுங்க கிடக்குது." எனக்கு மட்டும்தான் அது புதுச் செய்தி.

வந்ததில் உயிரையோ விரலையோ எடுக்கக்கூடிய ஐந்தை மட்டும் பொறுக்கி எடுங்கள். மற்றவை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து: ஆளைத் திருத்தும் முன் மெஷினைத் திருத்துங்கள்

"ஜாக்கிரதையா இருங்கப்பா" என்பதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். மதியம் மூன்று மணிக்குத் தூக்கம் சொக்கும்போது யாரும் ஜாக்கிரதையாக இருப்பதில்லை. சக் சாவிக்கு ஸ்பிரிங் வைத்தது கிடைக்கிறது; கையை எடுத்தால் தானே வெளியே தள்ளிக்கொள்ளும். மூன்று லேத்துக்கும் அதை மாட்டினோம், அந்தப் பேச்சு முடிந்தது.

கிரைண்டரில் கல்லுக்கும் ஜாபை (தீட்டுகிற பொருளை) வைக்கும் தாங்கிக்கும் நடுவே இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால் ஜாபை உள்ளே இழுத்துக் கல்லையே உடைத்துவிடும். கல் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே வரும் என்பதுதான் இதில் சிக்கல். அதற்காக 3 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டு ஒன்றை நூலில் கட்டி கிரைண்டரிலேயே தொங்கவிட்டோம். காலையில் ஓட்டுவதற்கு முன் அதைச் செருகிப் பார்க்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் தாங்கியைக் கிட்டே தள்ளி முடுக்கிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட வேண்டும். புதுக் கல் மாட்டும் முன் மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம், மாட்டவே வேண்டாம்.

பவர் பிரஸ் பலவற்றில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் ஓடும் ஏற்பாடு இருக்கும். எங்கள் பிரஸ்ஸில் ஒரு பட்டனில் தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தார்கள். திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் பீஸ் ரேட்டில் வேகமாக அடித்தால்தான் காசு என்று வைத்தது நான்தானே? அந்த மெஷினுக்கு மட்டும் நாள் கூலியாக மாற்றினோம். குச்சி தானாகவே காணாமல் போனது.

மெஷினுக்கு ஒரு அட்டை

திருத்த முடியாததற்குத்தான் விதி. ஒரு மெஷினுக்கு மூன்று வரி, பெரிய எழுத்தில், கண் மட்டத்தில். பீகார், ஒடிசா ஆட்கள் இருந்தால் பக்கத்திலேயே இந்தியிலும் எழுதுங்கள். படம் போட்டால் இன்னும் நல்லது.

லேத்திலும் டிரில்லிலும் கையுறை போடக் கூடாது என்பது அந்த மூன்றில் ஒன்றாகக் கட்டாயம் இருக்கட்டும். புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஒரு பெட்டி கையுறை வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். சுற்றுகிற மெஷின் கையுறையின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்துச் சுருட்டிக்கொள்ளும். தொளதொள முழுக்கைச் சட்டை, கழுத்துத் துண்டு, கைக்கயிறு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலை, மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியால் இழுக்க வேண்டும்.

"தப்பிச்சோம்" நோட்டு

வாசல் பக்கம் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். அடிபடாமல் தப்பியதை எழுத வேண்டும். பெயர் போட வேண்டியதில்லை. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்றபடியே நேற்றைய வரியைப் படித்து, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். எழுதியவரை ஒரே ஒரு தடவை திட்டினால் போதும், அத்தோடு நோட்டு வெறுமையாகிவிடும்.

அடிபட்டால்

முதலுதவிப் பெட்டி, 108, பக்கத்து மருத்துவமனைக்கு வழி: மூன்றும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியைப் பூட்டாதீர்கள். சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். பேஸ்ட், மாவு எதுவும் தடவக் கூடாது. விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து ஆளோடு அனுப்புங்கள். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது.

மாதம் ஒருமுறை

வருடம் முழுக்கத் திரும்பிப் பார்க்காத மெஷினுக்கு ஆயுத பூஜையன்று மட்டும் பொட்டு வைக்கிறோம். ஒன்றாம் தேதி அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தீயணைப்பான் முள் பச்சையில் இருக்கிறதா, அதை மறைத்துக்கொண்டு அட்டைப்பெட்டி ஏதும் இருக்கிறதா, மெஷின் மூடிகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெயின் பெட்டியில் மின்கசிவு தடுக்கும் ஸ்விட்ச் இருக்கும், அதில் 'T' என்று போட்ட சின்ன பட்டனை அமுக்கினால் ஸ்விட்ச் டக்கென்று விழுந்து கரண்ட் நிற்க வேண்டும். விழவில்லையென்றால் அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அமுக்கும் முன் மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். நான் முதல் தடவை சொல்லாமல் அமுக்கி, பாதி கடைந்த ஒரு ஷாஃப்ட் வீணாய்ப் போனது.